ஏழு மணி நெட்

விஜயலக்ஷ்மிக்கு அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் கிடைத்தது 1982இல். வீட்டில் சொந்தமாக ஒரு செட் வைத்துக்கொண்டு, அதே கிறுக்குப் பிடித்த மற்றவர்களோடு பேச அரசாங்கம் தரும் அனுமதி அது. திருவனந்தபுரத்தில், அரசாங்கக் கணக்குப் பார்க்கும் ஏஜீஸ் ஆபீஸில் கிளார்க்; அங்கேயே கோட்டைக்குள் வீடு. கொல்லையில் அவள் ஏரியல் கம்பி கட்டியபோது, அதில் புடவை காயப்போடலாமா என்பதை மட்டும் அம்மா விசாரித்தாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு, திருவனந்தபுரம் முதல் திருநெல்வேலி வரை உள்ள தமிழ்க்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதை நெட் என்பார்கள். நடத்துபவர் அதே ஊரில் கரமனையில் இருக்கும் வெங்கடேஸ்வரன், ஓய்வுபெற்ற இன்ஜினீயர்.

முதல் நாளே விஜயலக்ஷ்மி ஒரு கேள்வி கேட்டாள். அவள் பேசினால் பக்கத்து வீட்டு ரேடியோவிலும் அவள் குரல் வருகிறது, என்ன செய்யலாம்? கல்லூரியில் பௌதிகம் நடத்தும் சேஷன் பதில் சொன்னார்.

"எல்லாம் புஸ்தகத்துல இருக்கு. வாசிச்சுட்டு வாங்கோ. ஓவர்."

ஓவர் என்றால் பேசி முடித்தாயிற்று, அடுத்தவர் பேசலாம். எந்தப் புத்தகம் என்று கேட்டாள். புதியவர்கள் ஆறு மாதம் பேசாமல் கவனித்தால் போதும் என்று வெங்கடேஸ்வரன் முடித்துவைத்தார். அவளும் கவனித்தாள். சிக்னல் நன்றாக வருகிறது என்று பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.

ஒரு மாலை வெங்கடேஸ்வரன் குடையோடு அவள் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். பழைய வால்வு செட்டுக்குப் பதிலாகப் புதிதாக ஒரு டிரான்சிஸ்டர் செட் கட்டியிருக்கிறாராம். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அலைவரிசை தானாக நகர்ந்துபோகிறது. எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை.

"நெட்ல கேக்கலாமே மாமா."

"நானா?" என்றார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தபின், "நீ கேட்டா யாருக்கும் ஒண்ணும் தோணாது. நீ புதுசாக்கும்," என்றார்.

நெட்காரர் ஒருவர் தன்னிடம் உதவி கேட்டது அதுவே முதல்முறை என்பதால் அவள் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் நெட்டில் அதைத் தன் கேள்வி போலவே கேட்டாள். சேஷன் புத்தகத்தைச் சொன்னார். அதோடு விடவில்லை.

"இதுகூடத் தெரியாம செட்டைத் தொடப்படாது. லைசன்ஸ் குடுத்தவாளைச் சொல்லணும். ஓவர்."

அடுத்தவரை வெங்கடேஸ்வரன் அழைக்க வேண்டும். அழைக்கவில்லை. வெறும் இரைச்சல். கரமனையில் கரண்ட் போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். செட்டை அணைக்கக் கை நீட்டினாள்.

"அது என்னோட கேள்வியாக்கும்," என்றார் வெங்கடேஸ்வரன். ஓவர் சொல்ல மறந்துவிட்டார்.

நாகர்கோவில் தாணுமாலையன், கண்டென்சர் சூடாகலாம் என்றார். வோல்டேஜ் நிலையாக இல்லை என்றார் சேஷன், வேறு குரலில். திருநெல்வேலி குற்றாலலிங்கம், செட்டுக்கு மேலே ஃபேன் ஓடுகிறதா என்று விசாரித்தார். ஓடிக்கொண்டிருந்தது. எது காரணம் என்று மூவரும் சண்டை போட்டார்கள். விஜயலக்ஷ்மி அன்று ஆபீஸுக்குத் தாமதமாகப் போனாள்.

ஃபேனை நிறுத்தியதில் பாதி சரியாயிற்று, மீதி ஆகவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு என்ன செய்வதென்று, அவள் மறுபடி கேட்காமலேயே, தாணுமாலையன் சொல்லிக்கொடுத்தார். அந்த வார முடிவில் சேஷன் தனக்கும் ஒரு சின்ன சந்தேகம் என்று ஆரம்பித்தார். அவரிடம் சந்தேகங்கள் நிறைய இருந்தன. நெட்டை ஆறரைக்கே தொடங்க வேண்டியதாயிற்று.