ஏழாம் வாய்ப்பாடு இல்லாத வகுப்பு

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஆறாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டு நேரே எட்டாம் வாய்ப்பாட்டுக்குத் தாவிவிட்டார். மறந்துபோய்த் தாவவில்லை, தெரிந்தேதான் தாவினார். ஏழு என்ற பாவப்பட்ட எண்ணின் மேல் ஒரு டீச்சருக்கு அவ்வளவு பயம் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

அந்தப் பள்ளிக்கூடத்தில் காலைப்பொழுது முழுக்கக் கட்டிய கைகளும் நிமிர்ந்த முதுகும்தான். வாய்ப்பாடு, செய்யுள், சொல்வதெழுதுதல் எல்லாம் ஒப்பித்துத் தீர வேண்டும். சாப்பாடு முடிந்ததும் பின்கதவு திறக்கும். அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலை ஒட்டித் தோப்பு. காலையில் ஒப்பித்த சொல்லை மத்தியானம் தோப்பில் தேடிப் பிடித்துத் தொட்டுக் காட்ட வேண்டும். 'கணு' என்றால் மூங்கிலில் விரல் வைக்க வேண்டும். 'பட்டை' என்றால் மரத்தைத் தடவ வேண்டும். வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளைகள்கூடத் தோப்பில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் டீச்சர் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

சிக்கல் ஒரே ஓர் எழுத்தில் இருந்தது. 'ழ' அவர் நாக்கில் புரளாது. 'ள' என்றுதான் விழும். கடைத்தெருவில் இது யாருக்கும் உறைத்ததில்லை, 'பளம்' என்று கேட்டாலும் பழம்தான் கொடுக்கிறார்கள். பஸ் ஓட்டும் கணவருக்கு மட்டும் அது அலுக்காத வேடிக்கை. "ஏளாம் நம்பர் பஸ்ஸுக்கு நீ நின்னுட்டே இரு, நான் ஏழாம் நம்பரை எடுத்துட்டுக் கிளம்பறேன்" என்பார். டீச்சரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் ஒப்பித்தல் என்பது டீச்சர் சொன்னதைப் பிள்ளைகள் அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்வது. தன் குறையை ஒரு வகுப்பே ராகம் போட்டுத் திருப்பிப் பாடினால் எந்த மனுஷிக்குத் தாங்கும்? போன மாதம் சொல்வதெழுதுதலில் பாதி வகுப்பு 'நேற்று மளை பெய்தது' என்று எழுதிவைத்திருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பெண். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், அதனால் எல்லோருக்கும் அவள் 'குழாய்'. அவளுக்கும் அந்தப் பட்டத்தில் பெருமைதான். டீச்சர் மட்டும் "இங்க வாம்மா", "நீ சொல்லும்மா" என்று ஒப்பேற்றிவிடுவார்.

"எல்லாரையும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடறீங்க, என்னை மட்டும் ஏன் டீச்சர் கூப்பிட மாட்டேங்கறீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். டீச்சர் சாக்பீஸ் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

குட்டு உடைந்தது ஒரு திங்கட்கிழமை. தலைமை ஆசிரியை உள்ளே வந்தார். நடையும் பேச்சும் கோடு போட்ட மாதிரி இருப்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் 'ஸ்கேல்'.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பார்ப்போம்."

குழாய்தான் கையைத் தூக்கினாள். "எங்க கிளாஸ்ல ஏழு கிடையாது மேடம். ஆறு முடிஞ்சதும் எட்டு."

ஸ்கேல் டீச்சரைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவர் நிதானமாகத்தான் பேசினார். "காலையில படிக்க வேண்டியதைப் படிச்சாத்தான் மத்தியானம் தோப்பு. வெள்ளிக்கிழமை வந்து கேட்பேன். சுத்தமா வரணும். வரலேன்னா இந்த வருஷம் முழுக்க மத்தியானமும் உள்ளேதான்."

தண்டனை தனக்கு என்றால் டீச்சர் வாங்கிக்கொண்டு போயிருப்பார். தன் நாக்கு செய்த தப்புக்குப் பிள்ளைகள் தோப்பை இழப்பதா? மறுநாள் காலை பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஓரேளு ஏளு." வகுப்பு சொன்னது, "ஓரேளு ஏளு." அவர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. தோப்பில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னார். "எனக்கு அந்த எழுத்து வராது. நான் சொல்றதைக் கேட்டு நீங்களும் தப்பா சொல்றீங்க. தப்பு என்னோடது."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும், "எப்படிச் சொல்லணும்னு புஸ்தகத்துல போட்டிருக்காதா டீச்சர்?" என்றான்.

"போட்டிருக்கு. நாக்கு நுனி மேல மடங்கணும், ஆனா மேல எங்கயும் ஒட்டக்கூடாது. பரீட்சையில எழுதி முழு மார்க் வாங்கினேன்."

ஈர மண்ணில் குப்புறப் படுத்திருந்த குழாய் திடீரென்று கத்தினாள். "டீச்சர், இங்க பாருங்க, இது அப்படித்தான் பண்ணுது."

மண்ணிலிருந்து பாதி வெளியே வந்த ஒரு மண்புழு. தலையைத் தூக்கிப் பின்னால் வளைத்து, எதிலும் படாமல் காற்றில் தடவிக்கொண்டிருந்தது.

"தூக்குது, மடங்குது, ஆனா எங்கயும் தொடல."

அடுத்த நிமிடம் வகுப்பு மொத்தமும் புழுவைச் சுற்றிக் குப்புறப் படுத்து, வாயைத் திறந்து நாக்கை மடித்துக்கொண்டிருந்தது. யூனிஃபார்ம் போன கதியைப் பார்த்தால் அம்மாக்கள் டீச்சரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. அவரும் மண்டியிட்டார். "புழு," என்றான் பையன். "புழு, புழு," என்றது வகுப்பு. "புளு," என்றார் டீச்சர்.

"தொட்டுட்டீங்க டீச்சர்," என்றாள் குழாய், கண்டிப்பாக.

அதிலிருந்து பிள்ளைகள் அவரை விடவில்லை. வாசலில், வராந்தாவில், கை கழுவும் இடத்தில், "தொட்டுட்டீங்க" என்ற தீர்ப்பு வந்துகொண்டே இருந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து நின்றவரைப் பார்த்து, "பல்வலியா?" என்று கேட்டார் கணவர்.

வெள்ளிக்கிழமை ஸ்கேல் வந்தார். வகுப்பு எழுந்து நின்றது. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு." ஓர் இடத்திலும் பிசகவில்லை. டீச்சர் வாயே திறக்கவில்லை, சேலை நுனியைத் திருகிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்.

"சுத்தமா இருக்கு," என்றார் ஸ்கேல். "இன்னிக்குத் தோப்புக்குப் போகலாம்." கதவு வரை போனவர் திரும்பினார். "நாலே நாள்ல எப்படி வந்தது? யார் சொல்லிக்கொடுத்தது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பிள்ளை என்று விரலைக் காட்டித் தப்பித்திருக்கலாம். டீச்சர் நாக்கைத் தூக்கினார். மடித்தார். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தது.

"குழாய்," என்றார்.

ஸ்கேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "குழாயா? யாரது?" என்று கேட்டார். கூப்பிடப்பட்டவள் எழுந்து நின்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சேர்ந்த நாள் முதல் ஒரு நிமிடம் ஓயாத அந்த வாயிலிருந்து அன்று ஒரு சொட்டுகூட வரவில்லை.