புலி வருஷத்து நடுவர்

“தொடாதே.”

ஓன்போ போட்ட அதட்டலில் குர்மெட்டின் கை பாதியில் நின்றது. அப்பாவின் தலையில் கோணலாகச் சரிந்திருந்த கம்பளித் தொப்பியை நேராக வைக்கத்தான் அவன் குனிந்திருந்தான்.

“தொப்பி கண்ணை மறைக்குதுங்க” என்றான்.

“மறைக்கட்டும். யார் முதல்ல தொடணும்னு பார்த்துச் சொல்லத்தானே என்னைக் கூப்பிட்டே? பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்?”

ஊர் ஜோதிடரான ஓன்போ, மடியில் விரித்திருந்த பஞ்சாங்கத்தில் மறுபடி விரலை ஓட்டினார். யாங்ஸ்கித் அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நின்றாள். குர்மெட்டுக்கு அக்கா, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். தகவல் கேட்டு விடியும்போதே ஓடி வந்தவள், வந்ததிலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் கண் மட்டும் அப்பாவை விட்டு நகரவில்லை. தூக்கத்தில் போன மனிதர். வாய்கூட லேசாகத் திறந்துதான் இருந்தது, யாரையோ மறுத்துப் பேசத் தொடங்கியவர் மாதிரி.

“புலி வருஷத்தில் பிறந்தவர்” என்றார் ஓன்போ கடைசியில். “உங்க பஸ்புன்ல அப்படி ஒருத்தர் முதல்ல கை வைக்கணும். அப்புறம்தான் மத்தவங்க.”

ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் வீடுகள் சேர்ந்தது பஸ்புன். சாவு விழுந்த வீட்டில் பெற்ற பிள்ளைக்கு வேலை கிடையாது. குளிப்பாட்டுவது, முழங்காலை மடித்து உட்கார்ந்த நிலையில் கட்டுவது, சுமப்பது, எரிப்பது எல்லாம் பஸ்புன்காரர்கள்தான். வாசலில் ஆறேழு பேர் தயாராக நின்றார்கள். ஓன்போ சொன்னதைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“புலி வருஷத்துக்காரங்க ரெண்டு பேர் இருந்தாங்க” என்று இழுத்தார் பக்கத்து வீட்டு துண்டுப். “ஒருத்தர் போன கோடையில போய்ச் சேர்ந்துட்டார்.”

“மிச்சம் ஒருத்தர் இருக்காரே.”

“ஸ்பல்ஸங்” என்றார் துண்டுப், தரையைப் பார்த்து.

குர்மெட் நிமிர்ந்தான். “அவர் இந்த வாசலை மிதிக்க மாட்டார். மிதிக்க வந்தாலும் நான் விட மாட்டேன்.”

“சரி. அப்ப உங்க அபா இப்படியே படுத்திருக்கட்டும்” என்றார் ஓன்போ நிதானமாக. “வெளியே என்ன குளிர்னு தெரியுமில்ல? உடம்பு நல்லா விறைச்சுப் போச்சுன்னா அப்புறம் மடிச்சு உட்கார வைக்க முடியாது. எலும்பை உடைச்சுத்தான் கட்டணும். உனக்குச் சம்மதம்னா எனக்கென்ன?”

யாங்ஸ்கித் கரண்டியை வைத்துவிட்டுச் சால்வையை எடுத்தாள்.

“நான் போய்க் கூப்பிடறேன்.”

“ஆச்சே, நீ அவர் காலில் விழப் போறியா?” என்று அக்காவைத் தடுத்தான் குர்மெட்.

“விழுந்தா என்ன நோனோ? எனக்கொண்ணும் முட்டி தேயாது.”

துண்டுப் துணைக்கு வந்தார். வழியெல்லாம் பனி இறுகிக் கிடந்தது. யாங்ஸ்கித்துக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக, வெட்கக்கேடாக, மனதில் பழைய கேள்வி ஒன்று எழுந்து நின்றது. அவள் பதினேழு வயதில் தவறவிட்ட ஓர் ஆட்டத்தைப் பற்றியது அது. அன்றைக்குப் பார்த்துப் பசு கன்று போடும் நேரம். ஊரே குளத்தங்கரையில் நிற்க, அவள் மட்டும் தொழுவத்தில் இருந்தாள்.

ஊரையொட்டிய ராணுவ முகாமில் இருந்த சிப்பாய்கள்தான் அந்த ஐஸ் ஹாக்கி விளையாட்டை முதலில் இங்கே கொண்டுவந்தது. குளம் உறைந்ததும் காலில் கத்தி மாதிரி இரும்பு வைத்த பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு குளிர்காலம் கரையில் நின்று சிரித்தார்கள். மூன்றாவது குளிர்காலம் கொல்லரிடம் இரும்புப் பட்டை அடித்து வாங்கிப் பழைய ராணுவ பூட்ஸில் திருகிக்கொண்டார்கள். வில்லோ மரக்கிளையைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்தால் மட்டை. பிய்ந்துபோன பூட்ஸின் ரப்பர் குதிதான் வட்டு. இரண்டு கல்லை வைத்தால் கோல். ஓட முடியாத வயசாளியைக் கோலில் நிறுத்தினார்கள். அப்படித்தான் அப்பா மொருப், காலில் பழைய மெத்தையைச் சுற்றித் தைத்துக்கொண்டு கோல்காரர் ஆனார். நிறுத்தியது வயசுக்காக; நிலைத்தது திறமையால்.

“முகாம்காரங்களை ஜெயிச்சா ஆறு ஜோடி அசல் ஸ்கேட் தர்றேன்னு கேப்டன் சொன்னாராமே?” என்று கேட்டாள் யாங்ஸ்கித்.

“ஆமா நோமோ. டெல்லியிலிருந்து வந்த சாமான். கரையில வரிசையா வச்சிருந்தாங்க. எங்களுக்கு ஆட்டத்தையா பார்க்கத் தோணும்?”

“கடைசி வட்டு கோலா, இல்லையா?”

“கல்லுல பட்டு வெளியே தெறிச்சுது. இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.”

“நீங்க எங்கே நின்னீங்க?”

“எங்க வீட்டுக் கூரையில.”

“உங்க கூரையிலிருந்து குளம் தெரியாதே. நடுவுல பாப்லார் மரம் நிக்குதே.”

துண்டுப் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். “அப்ப மரம் சின்னது” என்றார்.

எல்லோரும் இப்படித்தான். ஒருவர் கல்லில் பட்டது என்பார், ஒருவர் மேலே பறந்தது என்பார், ஒருவர் உள்ளே போய்த் திரும்பியது என்பார். அப்பாவைக் கேட்டால் கிண்ணம் பறக்கும். “என் கையில பட்டுச்சு. அவ்வளவுதான்!” என்று கத்துவார். அதற்கு மேல் பேச்சே கிடையாது. கல்லுக்குப் பின்னால் நடுவராக நின்ற ஒரே மனிதர் ஸ்பல்ஸங். அவர் கையைத் தூக்கி கோல் என்றார். சொந்த பஸ்புன்காரன், சொந்த ஊருக்கு எதிராக. ஆறு ஜோடி ஸ்கேட்டும் முகாமுக்கே திரும்பிப் போயின. அன்றிலிருந்து அப்பா வீட்டுத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கவில்லை.

ஸ்பல்ஸங் குளத்தின் நடுவில் இருந்தார். கடப்பாரையின் முனையால் ஐஸைத் தட்டித் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே கனம், எங்கே மெலிசு என்று அவர் சொன்ன பிறகுதான் பையன்கள் இறங்குவார்கள். யாங்ஸ்கித்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“ஜூலே, அஜாங்லே” என்று மாமா முறை சொல்லி வணங்கினாள்.

“ஜூலே. கேள்விப்பட்டேன். எப்படி?”

“தூக்கத்திலேயே.”

“அவனா? சத்தமே போடாமலா?” அவர் நம்பாதவர் போலப் பார்த்தார். “ஆச்சரியந்தான்.”

“ஓன்போ புலி வருஷம்னு சொல்லிட்டார்.”

ஸ்பல்ஸங் மூக்கால் சிரித்தார். “எலி, மாடுன்னு மொத்தம் பன்னிரண்டு மிருக வருஷம் இருக்கு. அந்த ஆளுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா?”

“நீங்க வரலைன்னா எலும்பை உடைக்கணும்னு சொல்றார்.”

சிரிப்பு போய்விட்டது. கடப்பாரையைத் துண்டுப்பிடம் கொடுத்தார். “நட” என்றார்.

கரை ஏறியதும் அவளால் அடக்க முடியவில்லை. “ஒண்ணு கேட்கட்டுமா?”

“கோல்தானான்னு கேட்கப் போறே.”

“ஆமா.”

“அப்பா செத்த அன்னிக்குக் கேட்கிற கேள்வியா இது?”

“வேற என்னிக்குக் கேட்கிறது அஜாங்லே? அவர் இருந்த வரைக்கும் கேட்க விடல.”

அவர் நின்று அவளைப் பார்த்தார். “கேட்க வேண்டியவன் அவன்தான். அவன்கிட்டதான் சொல்லுவேன். இத்தனை வருஷத்துல அவன் என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்ல, தெரியுமா? ‘வட்டு’ன்னு ஆரம்பிப்பேன். கல்லை எடுத்துடுவான்.”

வாசலில் குர்மெட் குறுக்கே நின்றான். இப்போது ஊர் அணியில் ஓடுகிற பையன் அவன். இவர் கையை நம்பித்தான் தினமும் ஐஸில் இறங்குகிறான். இவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஒரே ஒரு விஷயம்” என்றான். “உள்ளே போய் அவர் காதுல, கோல் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மனசுல கோபத்தோட போனா நல்ல இடத்துக்குப் போக மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

“அப்ப சொல்வீங்களா?”

ஸ்பல்ஸங் ஓன்போவைப் பார்த்தார். “செத்தவங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்வீங்களே, நிஜமா?”

“நம்மளைவிட ஒன்பது மடங்கு தெளிவா தெரியும்” என்றார் ஓன்போ. “கேட்கவும் செய்வாங்க.”

“கேட்டியா தம்பி? உயிரோட இருக்கும்போதே இவன்கிட்ட பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. இப்ப ஒன்பது மடங்கு. நான் எங்கே போய் ஒளியறது?”

வாசலில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். குர்மெட்டின் முகம் சிவந்தது. யாங்ஸ்கித் தம்பியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவன் இழுபட்டான்.

ஸ்பல்ஸங் ஒரு குண்டான் வெந்நீரும் துணியும் கேட்டு வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

யாங்ஸ்கித் அடுப்பங்கரைக்குப் போனாள். அந்த அறைக்கும் இதற்கும் நடுவில் மரப்பலகைத் தடுப்புதான். வெண்ணெய்த் தேநீரைக் கலக்குவது போல மத்தைக் கையில் வைத்துக்கொண்டு காதைப் பலகையோடு ஒட்டினாள். பாவமோ என்னவோ, அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்பா எதைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் ஒன்றும் இல்லை. துணியைப் பிழியும் சத்தம். பிறகு அவர் குரல், சாதாரணமாக, பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து பேசுவது போல.

“நான்தான். எழுந்திருக்காதே.”

தண்ணீர் அள்ளும் சத்தம்.

“காலைக் கொடு. ம். இது மடங்குது. நல்ல பிள்ளை.” மறுபடி தண்ணீர். “இடது கைதான் தகராறு பண்ணுது. பண்ணும். எனக்குத் தெரியும் அது பண்ணும்னு.”

யாங்ஸ்கித் காதை இன்னும் அழுத்தினாள்.

“உன் மகன் பொய் சொல்லச் சொல்றான். நான் சொல்ல மாட்டேன். வட்டு உள்ளே போச்சு. கோல்தான். அன்னிக்கும் கோல், இன்னிக்கும் கோல்.” ஒரு இடைவெளி. “பொறு. முழுசா கேளு. உன் கையில பட்டுச்சு, அதுவும் நிஜம். நீ இடது பக்கமா பாய்ஞ்சே பாரு, அந்த வயசுல, அந்த மெத்தையைக் கட்டிக்கிட்டு. கையுறை நுனியில பட்டு, திரும்பி, கல்லை உரசிக்கிட்டு உள்ளே போச்சு. நான் பின்னாடிதானே நின்னேன்? எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. கையைத் தூக்கிட்டு, ‘மொருப் கையில பட்டும் உள்ளே போயிடுச்சு’ன்னு ஊருக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். நீ அதுக்குள்ள மட்டையால அடிச்சே.”

வெளியே யாரோ பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

“அப்படிப் பாய்ஞ்சவனை நான் பார்த்ததில்ல. முகாம்காரன்லயும் பார்த்ததில்ல. இதைத்தான் சொல்ல நினைச்சேன்.”

தண்ணீர் சொட்டியது. துணி மறுபடி பிழியப்பட்டது. வெகுநேரம் கழித்து, “வளையுது” என்றார் ஸ்பல்ஸங், தணிந்த குரலில். “சரி. சரி.”

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் யாங்ஸ்கித் திரும்பிப் பார்த்தாள்.

கதவைத் திறந்து மற்ற பஸ்புன்காரர்களைக் கூப்பிட்டார் ஸ்பல்ஸங். கயிறும் வெள்ளைத் துணியும் உள்ளே போயின. குர்மெட் வழிமறித்தான்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“கோல் இல்லைன்னா?”

“கோல்னு.”

குர்மெட் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை லேசாக அசைத்தாள், விடு என்பது போல. அப்பாவின் அறை வாசலில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஸ்பல்ஸங் கைகளை ஜூனிப்பர் இலைப் புகையில் காட்டிச் சுத்தம் செய்துவிட்டு அடுப்பருகே வந்து அமர்ந்தார். யாங்ஸ்கித் கிண்ணத்தை அவர் முன் வைத்தாள். ஊற்றலாமா என்று கெண்டியோடு நின்றாள். அவர் வேண்டாமென்று கிண்ணத்தை உள்ளங்கையால் மூடவில்லை. ஊற்றினாள். பாதி குடித்துவிட்டு அவர் கிண்ணத்தையே பார்த்தார்.

“உப்பு குறைச்சலா?” என்றாள்.

“அதில்ல. இன்னிக்கு என்னை முழுசா பேச விட்டான்.” உதட்டைத் துடைத்துக்கொண்டார். “நல்லாவே இல்ல.”

அவள் கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள்.

நாள் பார்த்து, ஓதல் முடிந்து, ஒரு வெயில் காலையில் எடுத்தார்கள். பெண்கள் எரிக்கும் இடத்துக்குப் போவதில்லை. யாங்ஸ்கித் கூரையில் ஏறி, பாப்லார் மரம் மறைக்காத மூலையில் நின்றாள். முரசும் ஊதுகொம்பும் முன்னால் போக, உட்கார்ந்த நிலையில் பல்லக்கில் அப்பா போனார். பல்லக்கின் முன்தண்டுக்குத் தோள்கொடுத்து ஸ்பல்ஸங். அவர் பின்னால் குர்மெட், கையில் ஊதுவத்திக் கட்டோடு.

மேட்டுப் பாதையில் பனி இடுப்பளவு கிடந்தது. ஸ்பல்ஸங் ஒரு கணம் நின்று, குளத்தின் பக்கம் திரும்பினார். ஆட வந்திருந்த பையன்கள் மட்டைகளைக் கீழே வைத்துவிட்டுக் கரையோரம் ஒதுங்கினார்கள். ஐஸ் எங்கே தாங்கும் என்று அவருக்குத் தெரியும். பல்லக்கு மெதுவாக, வளைந்து வளைந்து குளத்தைக் கடந்தது. அக்கரையில் ஏறி, பாறைகளுக்குப் பின்னால் மறைந்தது. முரசு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஐஸ் முழுக்க சேறும் ஊதுவத்திச் சாம்பலுமாகக் காலடித் தடங்கள். பையன்கள் யாரும் இறங்கவில்லை. பிறகு ஒருவன் தேநீர்க் கடைக்குப் போய் ஒரு தகரம் நிறைய வெந்நீர் தூக்கி வந்து, தடங்கள் கரைந்து ஐஸ் மறுபடி வழவழப்பாக உறையும்படி ஊற்றிக்கொண்டே பின்பக்கமாக நடந்தான். ஆவி எழுந்தது. ஊற்றி முடித்தவன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். கரையில் நின்றவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினான்.