நான்கெல்லைப் பொத்தான்

வலது பெருவிரலை மையில் தோய்த்து, எந்தத் தாளில் வேண்டுமானாலும் ரேகை வைக்கிறேன்: கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

போன வெள்ளிக்கிழமை பத்திர எழுத்தர் தெய்வசிகாமணியின் வீட்டில் கூடத்திலிருந்து அடுக்களை பதினோரு கிலோமீட்டர். அந்தத் திங்கள்கிழமை வரை பதினோரு அடியாக இருந்தது.

காரணம், கணினியில் செருக அவர் கையால் செய்த ஒன்பது பொத்தான் கருவி. ஒரே பத்திகளை முப்பது வருஷம் அடித்து அடித்து விரல் முட்டி வீங்கிவிட்டது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். உள்ளங்கை அளவில் ஒரு மின்சுற்றுப் போர்டு வாங்கினார். ஒன்பது பொத்தான்களையும் தானே ஈயம் வைத்துப் பற்றவைத்தார். போர்டுக்குத் தமிழ் தெரியாது; எந்த விசைக்கு அப்புறம் எந்த விசை என்று மட்டும்தான் தெரியும். அந்த வரிசையை நிரலாக எழுதி ஏற்றினார். ஒரு தட்டு தட்டினால் ஒரு பத்தி முழுசாக விழும். முதல் பொத்தானில் 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள' விழுந்தது. நாலாவதில் நிலத்தின் நான்கெல்லை.

நான்கெல்லை ஆளுக்கு ஆள் மாறும். அங்கே வெற்றிடம் விட்டிருக்க வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் வீட்டு எல்லையையே ஏற்றினார். கிழக்கே மாணிக்கவாசகம் வீடு, மேற்கே முடுக்குச் சந்து, வடக்கே நூலகத் தெரு, தெற்கே தண்ணீர்த் தொட்டி. பிறகு மாற்ற மறந்துபோனார். அந்த மாதம் நாற்பத்திரண்டு பத்திரங்கள் அதே எல்லையோடு பதிவாகின. வாங்கினவரும் படிக்கவில்லை, விற்றவரும் படிக்கவில்லை. பத்திரத்தை யார் படிக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை ஒருவர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, டிராக்டரைக் கூடத்துக்குள் ஓட்டினார்.

"யாருய்யா நீ?"

"வெள்ளைச்சாமிங்க. நீங்க எழுதின பத்திரந்தான். என் ரெண்டு ஏக்கர் இந்த நாலெல்லைக்குள்ள இருக்குங்க."

"இது என் வீடுய்யா."

"வீட்டை நான் ஒண்ணும் சொல்லலியே. நீங்க பாட்டுக்கு இருங்க. கடலை முளைச்சப்புறம் மட்டும் பாத்து நடங்க."

வீடு இடம் கொடுத்தது. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே இரண்டு ஏக்கர் வந்தது. மறுநாள் ஒரு தென்னந்தோப்பும் பாதி ரைஸ்மில்லும் வந்தன. ஒவ்வொன்றும் வர வர அடுக்களை தள்ளிப்போனது.

அடுக்களைக்குள் அவர் மனைவி சுலோசனா இருந்தாள். செவ்வாய் அன்று அவள் கூப்பிட்டது பக்கத்து வீட்டிலிருந்து கேட்பது போல் இருந்தது. புதனன்று ஆற்றுக்கு அக்கரையிலிருந்து. வியாழனன்று குக்கர் விசில் மட்டும் வந்தது. அதுவும் எண்ண முடியாதபடி.

அவர் சார்பதிவாளர் அம்மாவிடம் ஓடினார். அந்த அம்மா தலை நிமிரவில்லை.

"பிழை திருத்தல் பத்திரம் போடுங்க. வீட்டுக்குக் கூட்டுப் பாத்தியம் யாரு?"

"என் சம்சாரம் மேடம்."

"அவங்க கையெழுத்து வேணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள. அதுக்கப்புறம் எல்லை இறுகிப்போயிரும். உள்ள இருக்கறவங்க உள்ளயேதான்."

"அவ அடுக்களையில இருக்கா. ரொம்ப தூரம்."

"அப்ப காலையிலயே கிளம்புங்க."

ஒன்பதாவது பொத்தானைத் தட்டினார். 'மேற்படி பத்திரங்களில் தவறுதலாகச் சேர்ந்துள்ள அனைத்தும் இதன் மூலம் நீக்கப்படுகின்றன' என்று விழுந்தது. அச்செடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விடிந்ததும் கூடத்திலிருந்து கிளம்பினார்.

வரப்பு வரப்பாக நடந்தார். மேலே மின்விசிறிகள் சுற்றின. எல்லா நிலத்துக்கும் கிழக்கே மாணிக்கவாசகம் வீடு இருந்தது. நாற்பத்திரண்டு வாசலிலும் மாணிக்கவாசகம் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி விசாரித்தார்.

"எழுத்தரே, எங்க இம்புட்டு வேகமா?"

"அடுக்களைக்கு. மணி என்னய்யா?"

"எந்த வீட்டு மணியைக் கேக்கறீர்?"

அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"சுலோ, ஒரு கையெழுத்துப் போடு. கதவுக்கு அடியில தள்ளுறேன்."

"நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க? இங்க நாலு பக்கமும் நீங்கதான் தட்டுறீங்க."

"எந்தப் பக்கமானா என்ன? சீக்கிரம் போடும்மா."

"படிச்சுப் பாத்தீங்களா இதை? 'அனைத்தும்'னு இருக்கே, எல்லைக்குள்ள நானும் இருக்கேனே."

"முப்பது வருஷமா எழுதுறேன். எனக்குத் தெரியாதா? போடு."

பேனா கீறும் சத்தம் கேட்டது. தாள் திரும்பி வந்தது. திரும்பினால், சார்பதிவாளர் அம்மா வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வீடு தேடி வந்து பதியறதும் உண்டு" என்று முத்திரையை இறக்கினார்.

கடலை போனது. தோப்பு போனது. ரைஸ்மில்லின் பாதி போனது. கூடம் பதினோரு அடிக்கு வந்து நின்றது. தெய்வசிகாமணி கதவைத் தள்ளினார். அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்: தெய்வசிகாமணிக்குக் கல்யாணமே ஆகவில்லை.