தோலோடு பிழிந்த சாத்துக்குடி

மனிதகுலத்தின் தாகம் தீர்ப்பதே தன் பிறவிப் பயன் என்று அனந்தராமன் கண்டுகொண்டது, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம். அந்தப் பிறவிப் பயன் மந்தைவெளியில், பஞ்சர் கடைக்குப் பின்னால், ஒரு தகர ஷெட்டில் நடந்து வந்தது. பெயர் 'அமிர்தவர்ஷிணி'. சரக்கு, சாத்துக்குடி ஜூஸ்.

அங்கே தரக் கட்டுப்பாடு டெல்பின். சாந்தோம்காரி, உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். மூன்று வாரமாக ஒரே பாட்டைப் பாடி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"சார், தோலோட, கொட்டையோட நசுக்கினா கசக்கும். சூடு பண்ணி பாட்டில்ல அடைச்சா இன்னும் கசக்கும்."

"தோல்லதாம்மா சத்தே இருக்கு."

"நேத்து குடிச்சுப் பார்த்தேன் சார். வேப்பங்காய்."

"எச்சில் பண்ணினியா? மொத பாட்டில் பிள்ளையாருக்கு நைவேத்யம்னு சொல்லியிருக்கேனோல்லியோ?"

"நைவேத்யம் ஆனப்புறம், வேற பாட்டில்லதான் சார் குடிச்சேன். நீங்களும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன்."

"தினமும் அந்தப் பிரசாத பாட்டிலை ஆத்துக்கு எடுத்துண்டு போய்க் குடிக்கறேன். தேவாமிர்தம்! உனக்கு ஜுரமா இருக்கும், வாய் கசக்கறது."

டெல்பின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஜுரம் இல்லை, இனி வரலாம்.

அன்றைக்குத்தான் ஷஃபியுல்லா வருவதாக இருந்தது. அடையாறில் நான்கு சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுப்பவர். அவர் ஆர்டர் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் ஷெட்டுக்குப் பூட்டு, டெல்பின் வேலைக்கும்தான்.

வந்தார். பஞ்சபூதங்களைப் பற்றி அனந்தராமன் சொன்னதைக் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மடக்கு குடித்தார்.

"இன்னா சார் இது, கஷாயம் கணக்கா கீது?"

"அது இயற்கை."

"எங்க கடைக்கு வர்ற பசங்க இயற்கையா துப்பிடும் சார்."

"கசப்பே கிடையாது! தினமும் நான் குடிக்கறதுதானே?"

"அப்ப ஒரு கிளாஸ் அடிங்க." ஷஃபியுல்லா ததும்ப ஊற்றி நீட்டினார்.

அனந்தராமன் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். முகம் கோணியது, கண்ணில் நீர் கட்டியது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இன்னிக்குப் பழம்தான் ஏதோ... நேத்திக்கு வரைக்கும் தேன்."

ஷஃபியுல்லா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டெல்பின் தன் சாப்பாட்டு டப்பர்வேரைப் பையில் வைத்தாள்.

அனந்தராமன் வீட்டு ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால், பதினெட்டு பிரசாத பாட்டில்கள் மூடி திறக்காமல் இருந்தன.