படுக்காத மனிசன்

"பகல் லுஹர் தொழுதிட்டு ஊரே சுருண்டு கிடக்கு. அந்த மனிசன் மட்டும் தூணில சாஞ்சபடி குந்திட்டிருக்கார். முதுகு பாயில படல்ல மச்சான்!"

"நித்திரையாத்தான் இருக்கும்."

"நித்திரையா? உதடு அசையிதே! கையில தஸ்பீஹ் மணி உருளுதே!"

"அப்ப அது லேசுப்பட்ட ஆள் இல்ல. நாமதான் இவ்வளவு காலமும் விளங்காம இருந்திருக்கம்."

பள்ளிவாசல் ஹவுளடியில் கைகால் கழுவி வுளூச் செய்துகொண்டிருந்த இருவரின் பேச்சு, தூணில் சாய்ந்திருந்த ஷரிபுதீனின் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது. எழுந்து போய் அவர்கள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. உதடு அசைந்தது உண்மைதான். "யா அல்லாஹ், விழுத்திப் போடாத" என்பதைத்தான் அது திருப்பித் திருப்பிச் சொன்னது.

இந்த முறை நோன்பு, நெல் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வந்து நின்றது. ஆண்களெல்லாம் நாவிதன்வெளிப் பக்கம் வெட்டு மெசினுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். நோன்பின் கடைசிப் பத்து நாளும் பள்ளிக்குள்ளேயே தங்கி இஃதிகாப் இருக்க ஓர் ஆளும் அகப்படவில்லை. ஒருவராவது இருந்தால் ஊரின் பொறுப்பு நீங்கும். ஒருவருமே இல்லையென்றால் குற்றம் எல்லார் தலையிலும். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் ஜவுபர் வீடு வீடாக ஏறி இறங்கினார். தன் வயலைக் குத்தகைக்கு விட்டிருந்த ஷரிபுதீன்தான் கடைசியில் மாட்டினார்.

"உங்களுக்கென்ன ஷரிபுதீன், வெட்டுமில்ல, சூடடிப்புமில்ல. ஊருக்காக இருங்களன்."

இருந்தார். வந்த அன்றே, ஸஹர் சாப்பாட்டுக்கு முன் சற்றுக் கண்ணயரலாமென்று இடப்பக்கம் சரிந்தபோதுதான் அது வந்தது. நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல் ஒரு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை, அடிக்க மறந்துபோன மாதிரி ஓர் இடைவெளி. பிறகு சேர்த்து வைத்து அடிப்பதுபோல் தடதடவென்று மூன்று நான்கு. கூடவே மார்பின் நடுவில் ஆரோ குதிங்காலை ஊன்றி நிற்பதுபோல் வலி. எழுந்து உட்கார்ந்தார். அடங்கியது. நோன்புக் கஞ்சி செய்த வேலை, வாய்வு என்று நினைத்தார். மல்லாந்து படுத்தார், பாரம் ஏறியது. வலப்பக்கம் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கண் சொருகியதும் உடம்பு தானாகப் புரண்டது, மறுபடி மீன் துள்ளியது. அன்றிலிருந்து தூண்தான் அவருக்குப் படுக்கை.

உடம்புக்கு வருத்தமென்றால் இஃதிகாபிலிருந்து எழுந்து போகலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மரைக்காரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று முடிவெடுத்துத்தான், ஹவுளடிப் பேச்சைக் கேட்ட மறுநாள் அவரைக் கூப்பிட்டார்.

"மரைக்கார், எனக்குப் படுக்க ஏலாம இரிக்கி…"

"அறிஞ்சன், அறிஞ்சன்!" மரைக்காரின் கண் கலங்கியிருந்தது. "ஊரெல்லாம் அதுதான் கதை. இந்தப் பள்ளியில இப்பிடி ஒருத்தர் இருந்ததா எங்கட வாப்பா காலத்திலயும் இல்ல. சொல்லிக் காட்டாதங்க, நன்மை குறைஞ்சி போயிரும்."

ஷரிபுதீன் மறுபடி தூணில் போய்ச் சாய்ந்தார். பிறகு வயல் வேலையை இடையில் விட்டும் ஆட்கள் வந்து, ஒவ்வொரு தொழுகைக்கும் கூட்டம் கூடியது. கைகொடுக்க வந்தார்கள், கைகொடுத்த கையை மார்பில் ஒற்றிக்கொண்டு போனார்கள். வீட்டிலிருந்து மனைவி முஸ்பிறா அனுப்பிய சோற்றோடு ஊரார் அனுப்பிய வட்டிலப்பமும் தட்டுத் தட்டாக வந்தது. முன்னெல்லாம் அவரைக் கண்டால் "எலே ஷரிபு" என்றவர்கள், இப்போது குரலைத் தாழ்த்தினார்கள். இத்தனை பேரையும் பார்த்து, நெஞ்சு வருத்தத்துக்குப் பயந்துதான் குந்தியிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? உட்கார்ந்தே இருந்ததில் கால் வீங்கியது. தலை சுற்றியது. இப்போதெல்லாம் தூணில் சாயும்போதே சிலவேளை மீன் துள்ளியது.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்டோக்கார றஸாக் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு வந்து முன்னால் அமர்ந்தான்.

"காக்கா, ஒருக்கா ஓதி ஊதித் தாங்க. மாமாவுக்கு நெஞ்சு படபடப்பு."

ஷரிபுதீன் நிமிர்ந்தார். "எப்பிடி வாற? படுத்தாலா?"

"ஓம் காக்கா! இடப்பக்கம் சரிஞ்சா! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" றஸாக்கின் குரல் பயபக்தியில் இறங்கிப் போயிற்று.

"அதை விடு. என்ன செஞ்சயள்?"

"உடனே ஆஸ்பத்திரிக்கு ஏத்தினம். இன்னும் ரெண்டு நாள் பிந்தியிருந்தா மையித்தைத்தான் ஏத்தியிருப்பயள் எண்டு டாக்குத்தர் ஏசினார். இப்ப வாட்டில நல்லா இரிக்கார். தண்ணி சும்மா, மனசுக்கு."

ஷரிபுதீன் போத்தலை வாங்கவில்லை. "மரைக்காரக் கூப்பிடு" என்றார்.

மரைக்கார் வந்ததும் ஷரிபுதீன் பாயில் இடப்பக்கமாகச் சரிந்தார். மரைக்கார் பதறினார். "என்ன இது, ஆக்கள் பாக்காங்க, எழும்புங்க!"

"கைய வைங்க."

"எங்க?"

"நெஞ்சில வைங்க எண்டுறன்!"

வைத்தார். மீன் துள்ளியது. பிறகு இடைவெளி. மரைக்காரின் முகத்தில் இருந்த ரத்தம் அந்த இடைவெளிக்குள் வடிந்துபோனது.

"எப்ப இருந்து?"

"வந்த நாள்ல இருந்து. படுக்க ஏலாமத்தான் குந்தியிருந்தன். வேற ஒண்டுமில்ல."

மரைக்கார் கையை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். நாலாபுறமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "இத வெளிய விடாதங்க. ஊரு சிரிக்கும், என்னையும் சேத்து. டாக்குத்தர இஞ்சயே கூட்டி வாறன். பெருநாள் வரைக்கும் மட்டும்…"

"பெருநாள் தொழுகையோட ஜனாஸாத் தொழுகையும் வைக்கப் போறயளா?"

ஷரிபுதீன் தூணைப் பிடித்து எழுந்தார். றஸாக் தோள் கொடுத்தான். வாசலுக்குப் போகிற வழி நெடுக ஆட்கள் விலகி நின்றார்கள்; ஒருவர் குனிந்து அவருடைய செருப்பை எடுத்து நேராக வைத்தார். இஃதிகாப் இருப்பவர் வெளியே வருகிறாரே என்று முணுமுணுப்பு எழுந்தது.

பின்னாலிருந்து மரைக்கார் சத்தமாகச் சொன்னார்: "அவர் ஒரு நோயாளியப் பாக்கப் போறார்! அவசரமாக் கூப்பிட்டிரிக்காங்க."

"மாஷா அல்லாஹ்" என்றது கூட்டம். செருப்பை எடுத்து வைத்தவர் மட்டும் யோசித்தார். "நோயாளியப் பாக்கப் போனா இஃதிகாப் முறியுமே, மரைக்கார்?"

ஷரிபுதீன் படியில் நின்றார். மூச்சு வாங்கியது. இப்படியே ஆட்டோவில் ஏறினால் பெயர் கெடாது. சுகமாகித் திரும்பி வந்து மறுபடி தூணடியில் குந்தலாம். குந்தித்தான் ஆகவேண்டும், சாகிற வரைக்கும்.

"நோயாளி நான்தான் காக்கா" என்றார், எல்லாருக்கும் கேட்க. "எனக்கு நெஞ்சு வருத்தம். படுத்தா மூச்சு முட்டுது. அதுதான் படுக்கல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. நீட்டியிருந்த ஒன்றிரண்டு கைகள் மெல்லச் சட்டைப் பைக்குள் போயின.

"அப்ப ஊருக்கு ஆரு இருக்கிற?" என்றார் செருப்பை எடுத்து வைத்தவர்.

மரைக்காரைத் திரும்பிப் பார்க்காமல் ஷரிபுதீன் ஆட்டோவில் ஏறி, நெஞ்சைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிஞ்சி கொள்ளுங்க காக்கா" என்றான் றஸாக்.

"மடையா, நீ ஆட்டோவ விடு" என்றார்.