பந்து விழாத வரைக்கும்

கார் நடுரோட்டில் மறுபடியும் குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“கிளட்ச், அக்கா, கிளட்ச்,” என்றார் மாஸ்டர், மடியைப் பார்த்துக் குனிந்த தலையைத் தூக்காமலே.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்றால் ஏதோ நரைத்த மீசைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கார் ஓட்டப் பழகுகிறவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்குக் கொசு என்று பேர். வலி தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள் என்பதற்காக யாரோ வைத்தது; அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். சதைக்குள் எங்கேயோ ஒளிந்து கிடக்கும் நரம்பைக்கூட விரலால் தடவியே பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கைக்கு, கேவலம் ஒரு கார் அடங்க மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை தேர்வில் பெயிலாகிவிட்டாள். இரண்டு தடவையும் இன்ஜின் அணைந்துவிடுமோ என்று பயந்தே அணைத்தாள்.

இந்த மூன்றாவது தடவையும் கோட்டைவிட்டால் போச்சு. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேன் வேலையில்தான் அவள் இத்தனை வருஷமாக இருக்கிறாள். வேனை ஓட்டியவர் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் கணக்குப் போட்டார்: வேனை ஓட்டுவதும் ரத்தம் எடுப்பதும் ஒரே ஆளாக இருந்தால் நல்லது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தால் வேன் அவளுக்கு. இல்லாவிட்டால், லைசென்ஸ் வைத்திருக்கிற யாரோ புது ஆளுக்கு. அவளுக்குக் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை. அந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. பல் கூட விளக்காமல் கதவைத் திறந்து, “வாம்மா, உனக்காகத்தான் காபி குடிக்காம உக்காந்திருக்கேன்” என்று கையை நீட்டுகிற ஜனங்களை விட்டுவிட்டுக் குழாய் கழுவுவதா?

வீட்டில் சொன்னால் வீட்டுக்காரர் ஆறுதல் சொல்வார். எல்லாருக்கும் எல்லாம் வந்துடாது, விடு, என்பார். அந்த ஆறுதலைக் கேட்பதற்கு நாலு திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மாஸ்டரின் மடியில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். போன்தான், வேறென்ன. அதில் ஒரு விளையாட்டு. ஒரு பந்து, ஒரு பாதை. பந்து உருண்டுகொண்டே இருக்கும், பாதை முடியவே முடியாது. நடுநடுவே பள்ளம் வரும். வருவதற்கு முன்னால் ‘கிணிங்’ என்று சின்னதாக ஒரு மணி அடிக்கும். சரியான நேரத்தில் தொட்டால் பந்து குதித்துத் தாண்டும், தவறினால் விழும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஜெயிப்பது என்பதே கிடையாது. யார் அதிகத் தூரம் போகிறார் என்பது மட்டும்தான். மாஸ்டரின் மனைவிக்கு ஒரு தம்பி. அந்த மச்சான் போன தூரத்தை மாஸ்டரால் தொட முடியவில்லை. மச்சான் ஒவ்வொரு விருந்திலும் எல்லார் முன்னாலும் விசாரிக்கிறானாம்: பந்து எப்படிப் போகுது மாமா? பாடம் நடக்கும்போதெல்லாம் மாஸ்டர் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். கார் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்க மாட்டார்.

ஒருநாள் அவர் போனில் சார்ஜ் இல்லை. சார்ஜரையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பறிகொடுத்தவர் மாதிரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சந்தைத் தெருவில், சைக்கிள்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில், நெய்யாக வழுக்கிக்கொண்டு போனது. “இன்னைக்கு என்னமோ நல்லா ஓட்டறீங்கக்கா,” என்று மாஸ்டரே கொட்டாவிக்கு நடுவில் சொன்னார். கொசு அன்று இரவு வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே சட்டி கழுவினாள்.

மறுநாள் போன் நிறைய சார்ஜோடு வந்தது. தெரு முனை தாண்டவில்லை, கார் குலுங்கி நின்றது. “கிளட்ச், அக்கா.” கொஞ்ச தூரம். கிணிங். குலுக்கல். “கிளட்ச், அக்கா, எத்தனை தடவை சொல்றது?” அவள் மெல்லக் கண்ணைக் கீழே இறக்கினாள். பழகுகிற கார் என்பதால் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு மிதிக்க. பந்து பள்ளத்தைத் தாண்ட எகிறும்போதெல்லாம் மாஸ்டரின் வலது காலும் கூடவே எகிறி, அந்தப் பிரேக்கில் விழுந்துகொண்டிருந்தது. மனுஷனுக்கே தெரியாமல். கிளட்ச் மிதிக்காமல் பிரேக் விழுந்தால் இன்ஜின் அணையாமல் என்ன செய்யும்?

உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது அவளுக்கு. எரியாதா பின்னே? இந்தக் காலுக்காகத் தலையணை நனைய அழுதிருக்கிறாள். தனக்கு மூளை மழுங்கிவிட்டது என்றுகூட நினைத்திருக்கிறாள். ஆனாலும் ஆத்திரத்தில் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, அன்று இரவே அந்த விளையாட்டைத் தன் போனில் இறக்கி வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று சொல்லிக்கொண்டே அவர் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் பந்து குதித்தபோதெல்லாம் அவர் குதிகால் தரையில் ‘தொப்’ ‘தொப்’ என்று விழுந்தது. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். சந்தேகம் தீர்ந்தது.

மாஸ்டரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ரோஷம் வந்து தேர்வுத் தேதியைத் தள்ளிப்போடுவார். வேறு ஸ்கூலில் சேர்ந்தால் இந்த மாதத்துக்குள் தேதி கிடைக்காது. அதனால் வாயைத் திறக்கவில்லை என்று அவள் பின்னாளில் சொன்னாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவளுக்கு விளையாட ஆசை வந்துவிட்டது.

முதலில் தன்னைச் சரிபண்ணிக்கொண்டாள். ‘கிணிங்’ என்ற மணி கேட்ட மாத்திரத்தில் இடது கால் கிளட்சை மிதித்துவிடும். மாஸ்டரின் கால் பிரேக்கில் விழும், கார் லேசாகத் தயங்கும், ஆனால் இன்ஜின் அணையாது. உடனே கிளட்சை விட்டு, கொஞ்சம் பெட்ரோல் கொடுத்தால் போதும், உள்ளே இருப்பவருக்கே ஒன்றும் தெரியாது. நரம்பு பிடிக்கிற சூட்சுமம்தான். எதிரில் இருப்பவரின் சதை என்ன செய்யப் போகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒரு வாரத்தில் அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம்தான் குறும்பு. பந்து மச்சானின் தூரத்தை நெருங்கும்போது மாஸ்டரின் மூச்சு மாறும், கழுத்து முன்னால் நீளும். அந்த நேரமாகப் பார்த்து அவள் கண்ணுக்கு எதிரே ஒரு வேகத்தடை தென்படும். என்ன செய்வது, ரோடு என்றால் வேகத்தடை இருக்கத்தானே செய்யும்? கார் தூக்கிப்போடும், விரல் தவறும், பந்து பாதாளத்தில் விழும். மாஸ்டர் வாயில் ஈ போவது தெரியாமல் திரையையே பார்ப்பார்.

“என்ன மாஸ்டர், கிளட்ச் மிதிக்க மறந்துட்டீங்களா?” என்பாள் கொசு, முகத்தைப் பச்சைப்பிள்ளையாட்டம் வைத்துக்கொண்டு. இப்படி எத்தனை பந்துகளை அவள் தள்ளிவிட்டாள் என்பதற்குக் கணக்கில்லை. விருந்துகளில் மச்சானின் சிரிப்பு மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

தேர்வு நாள் வந்தது. ஆய்வாளர் அம்மா வந்து முன்னால் மாஸ்டரின் இடத்தில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு என்ற ஒன்று இருந்த அடையாளமே இல்லை. மடியில் ஒரு தாள், காதோரம் ஒரு பேனா. விதிப்படி மாஸ்டர் பின்சீட்டுக்குப் போனார். பின்சீட்டில் பிரேக் கிடையாது என்று நினைத்தபோது கொசுவுக்கு மனசு லேசானது.

“நேரா போங்க,” என்றார் ஆய்வாளர் அம்மா.

நேராகப் போனாள். முதல் சிக்னலைத் தாண்டினாள், நன்றாகத்தான் தாண்டினாள். அப்போது பின்னாலிருந்து கேட்டது: கிணிங். மாஸ்டருக்குப் பதற்றம் வந்தால் கை தானாகப் போனைத் தேடும். சத்தத்தை அணைக்க மறந்திருந்தார் பாவி. கொசுவின் இடது கால் யாரையும் கேட்காமல் கிளட்சில் போய் விழுந்தது. கார் காற்றில் போகிற மாதிரி இழுவையில்லாமல் மிதந்தது.

“எதுக்கு இப்போ கிளட்ச்?” ஆய்வாளர் அம்மா காதோரப் பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ குறித்தார். அந்தப் பேனா தாளில் உரசிய சத்தம் கொசுவுக்குக் கேட்டது. தானே வெட்டிய குழியில் தானே விழுகிறோம் என்று தெரிந்தது. அடுத்த கிணிங். மறுபடியும் கால். பின்சீட்டில் மாஸ்டரின் வலது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. ஆய்வாளர் அம்மா உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

“அதை இப்படிக் குடுங்க.”

மாஸ்டர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நீட்டினார். அந்த அம்மா வாங்கினாரே தவிர, அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. திருப்பினார், ஓரத்தில் அழுத்தினார், பந்து பாட்டுக்கு உருண்டது. கிணிங். பள்ளம். விழப்போகிற ஒரு பொருளைப் பார்த்தால் எந்த மனுஷக் கை சும்மா இருக்கும்? விரல் தொட்டது, பந்து எகிறியது. ஆய்வாளர் அம்மாவின் வலது கால் பிரேக்கில் விழுந்தது.

கொசுவின் கிளட்ச் தயாராக இருந்தது.

கார் தயங்கி, சமாளித்து, போனது. அடுத்த பள்ளத்தையும் அந்த அம்மா தாண்டினார். அதற்கடுத்ததையும். நிறுத்திவிடுவார், இதோ நிறுத்திவிடுவார் என்று கொசு காத்திருந்தாள். அவரோ கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இடது பக்கம் திரும்ப வேண்டிய தெரு வந்தது. எல்லாத் தேர்வும் அந்தத் தெருவில் திரும்பித்தான் போகும், அவளுக்கே இரண்டு தடவை பரிச்சயம். கேட்கலாமா? கேட்டால் பந்து விழும், அந்த அம்மா நிமிர்வார், தாளில் இருக்கிற குறிப்பைப் பார்ப்பார், அத்தோடு குழாய் கழுவப் போக வேண்டியதுதான். நேரா போங்க என்றுதானே சொன்னார்? நேராகப் போனாள்.

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் மாஸ்டரின் முகம் தெரிந்தது. ஆய்வாளர் அம்மாவின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடி வழியாகக் கொசுவைப் பார்த்து இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். மச்சானின் தூரம் நெருங்கிவிட்டதாம். எதிரே வேகத்தடை. எத்தனை பந்துகளைத் தள்ளிவிட்ட இடம் அது. இன்றைக்கு அதன்மேல் ஏறியபோது, சோதனைக் குழாயில் விளிம்பு வரை நிரப்பிய ரத்தத்தை எடுத்துப் போகிறவள் போல ஏறினாள், இறங்கினாள். பந்து தப்பியது. பின்சீட்டில் மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பாலம் வந்தது, தாண்டினாள். ஆஸ்பத்திரி ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு வழிவிட்டாள். இடையில் எத்தனையோ தடவை அந்த அம்மாவின் கால் விழுந்தது, ஒருதடவைகூட இன்ஜின் அணையவில்லை. அப்போதுதான் கொசுவுக்கு உறைத்தது: யாரும் எதுவும் சொல்லவில்லை. எப்போது கியர் மாற்றணும், எங்கே ஒதுங்கணும் என்று பக்கத்தில் சொல்ல ஆளே இல்லை. தானாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஓட்டத் தெரியும், எப்பவோ தெரியும் என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, சந்தோஷமாக இருந்தது, அந்த மாஸ்டரைத் திரும்பி ஒரு அறை விடலாம் என்றும் இருந்தது.

போனில் ஏதோ எக்காளம் ஊதியது. மச்சான் தோற்றான். மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சீட்டில் எழும்பி எழும்பி உட்கார்ந்தார். ஆய்வாளர் அம்மா நிறுத்தவில்லை, பாதைதான் முடியாதே.

அந்த நேர் ரோட்டில்தான் லேப் இருக்கிறது. கொசு சிக்னல் விளக்கைப் போட்டு உள்ளே திரும்பினாள். வேனுக்குப் பக்கத்தில் மேனேஜர் தன் காருக்கென்று வைத்திருக்கும் இடம் காலியாக இருந்தது. ரிவர்ஸில் எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில், அளந்து வைத்த மாதிரி நிறுத்தினாள். கை பிரேக்கைப் போட்டு இன்ஜினை அணைத்தாள்.

திடீரென்று வந்த அமைதியில் ஆய்வாளர் அம்மா நிமிர்ந்தார். பந்து விழுந்தது.

“எங்க இருக்கோம்?”

“நீங்க நேரா போகச் சொன்னீங்க மேடம்,” என்றாள் கொசு. “நிறுத்தச் சொல்லவே இல்லை.”

அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், இரண்டு கோட்டையும் பார்த்தார், தன் வலது கால் எதன்மேல் இருக்கிறது என்றும் பார்த்தார். முகம் சிவந்தது. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. தன் கால் என்ன செய்தது, அதை இந்தப் பொம்பளை எப்படிச் சமாளித்தாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு தாளை எடுத்து, கிளட்ச் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அடியில் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போனைப் பின்னால் திருப்பிக் கொடுத்தார், கொஞ்சம் மனசில்லாமல்தான்.

யார் என் இடத்தில் வண்டியை நிறுத்தியது என்று கத்திக்கொண்டே மேனேஜர் வெளியே வந்தார். கொசு ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. இரண்டையும் துப்பட்டா முனையால் துடைத்தாள்.

“வேன் சாவியைக் கொண்டாங்க சார்,” என்றாள். “இதை எடுத்துடறேன்.”