படத்துப் பையனின் வயது

1964ஆம் ஆண்டு, நான்காவது முறையாகத் திரையிட்டபோது, படத்தில் வரும் பையனுக்கு மீசை அரும்பியிருந்தது. ஈப்போவுக்குத் தெற்கே, ஈயம் தோண்டிவிட்ட குட்டைகளுக்கு நடுவே இருக்கும், கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சிற்றூரில் அன்று ஏறக்குறைய நானூறு பேர் அதைப் பார்த்தார்கள். கோயில் கமிட்டி ஹாங்காங்கில் உள்ள படக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியது. படப்பெட்டியில் குறை எதுவும் இல்லை, பையனுக்குப் பதினைந்து வயதுதான், மீசை கிடையாது என்று பதில் வந்தது. ஈப்போ கொட்டகைக்குப் போய்ப் பார்த்தவர்களும் அங்கே பையன் மழுமழுவென்று இருப்பதாகவே சொன்னார்கள். எங்கள் பெட்டிக்குள் இருந்தவன் மட்டும்தான் வளர்ந்துகொண்டிருந்தான். அந்த வாரம் ரப்பர் விலை ராத்தலுக்கு இரண்டு காசு இறங்கியிருந்ததால் கோப்பிக் கடையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

படத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் ‘படம்’ என்றாலே அது ஒன்றுதான். சுரங்கச் சரிவில் மாண்ட கூலிகளின் நினைவாக, லோக் தவுக்கே என்ற சுரங்க முதலாளி 1961இல் அந்தப் பெட்டியை விலைக்கு வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தார். சீனப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதம், செத்தவர்கள் பசியோடு வெளியே வரும் மாதம். அதன் பதினைந்தாம் நாள் சாயங்காலம், இருட்டியதும் கோயில் திடலில் திரை கட்டுவார்கள். முன் வரிசை நாற்காலிகள் செத்தவர்களுக்கு, இரண்டாவது வரிசையிலிருந்து நமக்கு. கதை சின்னக் கதை. நாம் என்ற அநாதைப் பையன் ஒரு சோயாக் குழம்புப் பட்டறையில் வேலைக்குச் சேருகிறான். மழை வந்தால் முற்றத்திலுள்ள நானூறு ஜாடிகளையும் மூட வேண்டும், வெயில் வந்தால் திறக்க வேண்டும். மூடி மூடித் திறந்து திறந்து, தெரியாமலேயே அவன் கைக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடைசி ரீலில் வெறுங்காலன் என்ற ரவுடி கதவை உதைத்துக்கொண்டு வருவான். பையன் அவனை அடித்து வீழ்த்திவிட்டுச் சிரிப்பான். படம் முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

முதல் ஆண்டு அதைப் பார்த்தவர்களில் கம் யோக் என்ற பெண்ணும் ஒருத்தி. படத்துப் பையனுக்குப் பதினைந்து நிறைந்திருந்தது, அவளுக்கு நிறைய இன்னும் சில நாட்கள் பாக்கி. அவளுடைய சித்தப்பன் தினமும் காலையில் பிரம்பால் அடிக்கிறவன். படம் பார்த்த மறுநாள் அவன் பிரம்பை எடுத்தபோது அவள் ஓடவில்லை. காலை அகட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் ஜாடி மூடிமேல் வைப்பதுபோல் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு அடியும் அடிக்கத் தெரியாது. இருந்தாலும் சித்தப்பன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிரம்பைக் கீழே வைத்தான், அப்புறம் அதை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பையன்மீது அவளுக்கு வந்த பிரியம் கல்யாணத்தாலும் குறையவில்லை, மூன்று பிள்ளைகளாலும் குறையவில்லை. சந்தை முனையில் மீ என்கிற நூடுல்ஸ் கடை போட்டு, ஆ ஹோங் என்ற லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு, ஒரு வருஷமும் தவறாமல் இரண்டாவது வரிசையில் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

அவளுக்கு வயது ஏற ஏற அவனுக்கும் ஏறியது. முப்பது வயதில் அவனுக்குத் தோள் அகன்றது, நாற்பதில் முன்மண்டை பளபளத்தது. படத்தில் அவனுக்கு வேலை கொடுத்த பட்டறைக்காரி மட்டும் “அடே பயலே” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. வெறுங்காலனுக்கு வயது ஏறவே இல்லை. அவன் எப்போதும் இருபத்தெட்டு. முதலில் ஆறு நிமிஷம் ஓடிய கடைசிச் சண்டை, 1985இல் பதினொரு நிமிஷம் ஓடியது, 1995இல் பத்தொன்பது. 1998இல் நாமுக்கு மூச்சு வாங்கியது. வெறுங்காலன் அவன் குரல்வளையில் குதிகாலை வைத்து அழுத்தியபோது திடலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. எப்படியோ புரண்டு எழுந்து ஜெயித்தான். ஆனால் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து எதையோ துப்பினான். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அது என்னவென்று தெரியாமல் போகட்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், ஆனால் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

படத்தை நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். 1988இல் மாறுதலுக்கு ஒரு சிரிப்புப் படம் போட்டுப் பார்த்தோம். முன் வரிசை நாற்காலிகள் தாமாகவே திரும்பித் திரைக்கு முதுகு காட்டி நின்றன. அந்த மாதம் முழுவதும் ஊரில் எந்த அடுப்பிலும் உலை கொதிக்கவில்லை, பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட்டோம். போட்ட படத்தைப் பாதியில் நிறுத்துவதைப் பற்றி வாயால் சொல்லக்கூட யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே அடுத்த ஏழாம் மாதம் வரும், படம் ஓடும், அவன் ஐம்பத்து மூன்று வயதில் அந்தக் குதிகாலுக்கு அடியில் கிடப்பான். 1999 பிறந்ததிலிருந்து கம் யோக்குக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. மீயில் உப்புப் போட்டோமா இல்லையா என்பது மறந்துபோயிற்று.

“அவனுக்கு வயசாச்சுன்னு இப்படிக் கவலைப்படுறியே, எனக்கும்தான் வயசாச்சு. ஒரு வார்த்தை கேட்டியா?” என்றான் ஆ ஹோங்.

“ஒன்ன யாரும் குரல்வளையில மிதிக்கலியே.”

“ஏன்லா, முப்பது வருஷமா நீ மிதிக்கலியா?”

அவள் சிரிக்கவில்லை. சிரிப்புக்குச் சிரிக்காத பெண்டாட்டியைப் பார்த்து ஆ ஹோங்குக்கும் உள்ளே கொஞ்சம் பயம் வந்தது.

ஏழாம் மாதம் பிறந்ததும் அவள் தாள் கடை ஃபூனிடம் போனாள். செத்தவர்களுக்கு எரித்து அனுப்பும் தாள் வீடு, தாள் கார், தாள் உடுப்பு எல்லாம் அவரிடம்தான் வாங்க வேண்டும். நெஞ்சுக்குப் பஞ்சு வைத்த சட்டை ஒன்று, மருந்துத் தைலம் நாலு புட்டி, ஜின்செங் வேர் ஒரு கட்டு, எல்லாம் தாளில் செய்யச் சொன்னாள். யாருக்கு என்றார். நாமுக்கு என்றாள். திரைக்குள் இருக்கிறவனுக்கு வேறு எப்படிச் சாமான் அனுப்புவது, அந்தப் பக்கத்துக்குப் போகிற தபால் நெருப்பு ஒன்றுதானே. ஃபூனுக்கு இது நியாயமாகவே பட்டது. சாமான் பொட்டலத்தின்மேல் ஒட்டும் சீட்டை எடுத்து வைத்தார்.

“பேரு எழுதியாச்சு. ஒனக்கு என்ன உறவுன்னு போடணும்.”

“உறவா? உறவெல்லாம் எதுக்கு?”

“போடலன்னா வழியில வேற எவனாச்சும் வாங்கிப்பான். அங்கயும் நம்மாளுங்கதானே.”

சில நாட்கள்தான் மூத்தவன் என்றாலும் மூத்தவன் மூத்தவன்தான். அவள் ‘அண்ணன்’ என்று எழுதினாள். விஷயம் தெரிந்ததும் ஊரே ஃபூன் கடையில் வரிசை கட்டியது. முழங்கைக்குக் கவசம், இடுப்புக்குப் பட்டை, காலுக்கு இரும்பு வைத்த சப்பாத்து, யாரோ ஒரு புத்திசாலி கைத்தொலைபேசிகூட. பதினான்காம் நாள் மாலை கோயில் முன்னால் எல்லாவற்றையும் குவித்து எரித்தோம். தீ தென்னை உயரம் எழுந்தது. ஒரு தூள்கூடச் சிதறாமல் நேராக மேலே போனதால், போய்ச் சேர்ந்துவிட்டது என்று கிழவர்கள் சொன்னார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு வருஷத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

லாரியை நிறுத்திவிட்டுத் தாமதமாக வந்த ஆ ஹோங் சாம்பலைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

“இவ்வளவு எரிச்சிருக்கீங்க. அவன் எப்ப செத்தான்?”

அவன் வழக்கம்போலக் கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் அதைக் கேட்டதும் ஃபூன் தீயைக் கிளறிய கம்பைக் கீழே போட்டார். எரித்து அனுப்புவது செத்தவர்களுக்குத்தான். உயிரோடு இருக்கிறவன் பெயரை எழுதி எரித்தால் அவனைச் செத்தவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டதாக அர்த்தம். வேண்டாதவனுக்குக்கூட எங்கள் ஊரில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த அந்த விஷயம், பயத்தில் நானூறு பேருக்கு மறந்துபோயிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. கம் யோக் வெறுங்கையால் சாம்பலைக் கிளறினாள். அவள் எழுதிய சீட்டு கிடைக்குமா என்று பார்த்தாள், கிடைக்கவில்லை. ஆ ஹோங்தான் அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போய்ப் புண்ணுக்கு மருந்து போட்டான்.

மறுநாள் படம் ஓடியது, அவன் அதில் இல்லை. பட்டறைக்காரி வெற்றிடத்தைப் பார்த்து “அடே பயலே” என்று திட்டினாள். மழை வந்தது, நானூறு மூடிகளும் யாரும் தொடாமல் மூடிக்கொண்டன. இரண்டாவது வரிசையில் எரிந்த தாளும் தைலமும் கலந்த வாசனை வந்தது. கம் யோக்குக்கு நேர் முன்னால் இருந்த காலி நாற்காலியின் கால்கள் ஈர மண்ணில் ஒரு விரற்கடை ஆழம் இறங்கியிருந்தன. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஆள் ஒருவர் உட்கார்ந்தால் இறங்கும் அளவு. அவள் கையை நீட்டித் தொட நினைத்தாள். பிறகு கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கடைசி ரீலில் வெறுங்காலன் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். முற்றம் காலி. ஜாடிகளுக்குப் பின்னால் தேடினான், கூரையைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பித் திடலைப் பார்த்தான். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவன் எங்களைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வரிசையாகக் கண்ணை ஓட்டினான். திரையின் அடிவிளிம்புக்கு வந்து, ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தான். துணி புடைத்தது. ஐந்து விரல்களும் அதில் தனித்தனியாகத் தெரிந்தன. ஓட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது, ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. கம் யோக் மட்டும் எழுந்தாள். காலை அகட்டி, கட்டுப் போட்ட உள்ளங்கைகளை மூடிமேல் வைப்பதுபோல் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பல் அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்தில் இருந்த ஆ ஹோங்குக்குக் கேட்டது.

அப்போது முன்னால் இருந்த நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. படக் கருவியின் வெளிச்சத்தில் ஒரு முதுகின் நிழல் விழுந்தது, சிறிதாகிக்கொண்டே போயிற்று. திரையின் கீழ்விளிம்பைத் தாண்டி நாம் முற்றத்துக்குள் ஏறினான். மடித்த மடிப்புக் கலையாத தாள் சட்டை போட்டிருந்தான். வெறுங்காலன் அவனை அடித்தான், உதைத்தான், கடைசியில் கீழே தள்ளிக் குரல்வளையில் குதிகாலை வைத்தான். நாம் கண்ணை மூடாமல், அவசரமே இல்லாமல் படுத்துக் கிடந்தான். ஏற்கெனவே செத்தவனுக்கு மூச்சு எதற்கு? அழுத்தி அழுத்தி வெறுங்காலனுக்குத்தான் கால் நடுங்கியது. அது நடுங்கிய நேரம் பார்த்து நாம் அதைப் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவதுபோல் ஒரு திருகு திருகினான். வெறுங்காலன் விழுந்தான். நாம் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், அது மறுபடி மண்ணில் இறங்கியது.

“நான்தானே அவன கொன்னுட்டேன்” என்று கம் யோக் அன்று இரவு முழுவதும் அழுதாள்.

“நீ கொன்னதாலதான் வெறுங்காலனால அவன கொல்ல முடியல. வா, சாப்பிடு” என்றான் ஆ ஹோங்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் நடக்கிறது. பட்டறைக்காரி வெற்றிடத்தைத் திட்டுகிறாள், நாங்கள் கடைசி ரீல்வரை உள்ளங்கை வியர்க்கக் காத்திருக்கிறோம், நாற்காலி நகர்கிறது. வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவர்களிடம், அந்த வாசனை வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறோம். நாமுக்கு வயது ஏறுவது நின்றுவிட்டது. கம் யோக்குக்கு நிற்கவில்லை. ஏழாம் மாதம் பிறந்ததும் அவள் ஃபூன் கடைக்குப் போய்ப் புதுச் சட்டை ஒன்று வாங்கிச் சீட்டு எழுதுவாள். 2000லேயே அண்ணன் என்பதை அடித்துவிட்டுத் தம்பி என்று எழுத வேண்டி வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் தம்பிதான். ஆ ஹோங் இறந்துபோன பிறகு அவனுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலமாக எழுதினாள். சென்ற ஆண்டு எழுபத்தெட்டு வயதில், ஃபூனின் மகன் நீட்டிய சீட்டை வாங்கிப் பேனாவைத் திறந்தாள். பிறகு உறவு என்ற இடத்தில் ‘மகன்’ என்று எழுதினாள். அவன் அதைப் படித்துப் பார்த்து, முத்திரை குத்தி, பொட்டலத்தின்மேல் ஒட்டினான்.